புதுசா வந்த குட்டிக் கமெராவை யாழ்ப்பாணத்தில வச்சுப் பழக்குறது எப்பிடி

சின்னக் கமெரா எண்ட சாமானே இனி இல்ல, எல்லாம் போன்தான் எண்டு சொன்ன ஆக்களே இப்ப திரும்பப் பொக்கற்றுக்க கமெராவோட திரியினம். 2024 பெப்ரவரியில ஃபுஜியின்ர எக்ஸ்100விஐ வந்தது, 2025இல அதே ஃபுஜி எக்ஸ் ஹாஃப் எண்டு, வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சரை நிமித்தி வச்சு, ஜேபெக் எண்ட சாதாரணப் பட ஃபைல் மட்டும் எடுக்கிற ஒண்டு விட்டது, அதே வருசம் செப்ரெம்பரில ரிக்கோ ஜிஆர் 4. வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரின்ர சூட்கேசுக்க சொக்லேட்டுக்குப் பக்கத்தில இப்ப உதுகளும் வருது. எனக்கும் அப்பிடித்தான், பெரியம்மாவின்ர மகன் ரொறன்ரோவில இருந்து வரேக்க ஒண்டு கொண்டுவந்து தந்தவர். என்ன மொடல் எண்டு சொல்லேல்ல, ஏனெண்டா கீழ நான் எழுதப்போற குணமெல்லாம் இந்த ரக கமெராக்கள் எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு.

முதல் ரெண்டு கிழமை எனக்கும் அதுக்கும் ஒரே சண்டை. பழுதான சாமானைத் தந்திட்டார் எண்டு அண்ணையோட கோவம் வேற. பேந்து ஒவ்வொண்டா நோண்டிப் பாத்தாத்தான் விளங்கினது, பாதிக் கரைச்சல் அது கனடாவில இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு வேலை செய்யுறதால வந்தது, மிச்சம் அதின்ர பிறவிக் குணம். அதால புதுசா வாங்கினவை படம் எடுக்க வெளிக்கிட முதல் வீட்டில விறாந்தையில இருந்து இதுகளை ஒருக்காச் செய்யுங்கோ.

முதல் அதுக்கு இடத்தைச் சொல்லிக் குடுங்கோ

மெனுவுக்க போய் நேரத்தையும் திகதியையும் மாத்துங்கோ. மணியை மட்டும் திருப்பி வைக்காதேங்கோ, ரைம் சோனையே கொழும்புக்கு மாத்துங்கோ. ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில ஒன்பதரை மணித்தியாலம், குளிர் காலத்தில பத்தரை. நான் மாத்தாம ஒரு கலியாண வீட்டில எடுத்தனான், காலமை 9 மணிக்கு எடுத்த படமெல்லாம் முதல் நாள் இரவு பதினொண்டரைக்கு எடுத்ததா விழுந்து போச்சு, தங்கச்சியின்ர போனில எடுத்த படங்களோட சேத்து ஒழுங்குபடுத்தப் போனா தாலி கட்டினாப் பிறகுதான் மாப்பிள்ளை வந்து இறங்குறார்.

அடுத்தது மொழி. தமிழ் மெனுவை எதிர்பாக்காதேங்கோ, இங்கிலீசில வையுங்கோ. இன்னும் வாங்கேல்ல எண்டா ஒரு கதை: ஜப்பானில அந்த நாட்டுச் சந்தைக்கெண்டு விக்கிற சில மொடல்களில மெனு ஜப்பான் மொழியில மட்டும்தான் இருக்கும், மாத்தவே ஏலாது. விலை குறைவு எண்டு ஆரும் கொண்டுவாறன் எண்டா முதல் மெனுவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ.

மூண்டாவதுதான் முக்கியம், ஆரும் சொல்லித் தராதது. வீடியோ செற்றிங்கில பிஏஎல், என்ரிஎஸ்சி எண்டு ரெண்டு வீடியோ முறை இருக்கும். கனடா, அமெரிக்காவில விக்கிற கமெரா என்ரிஎஸ்சியில வரும், ஏனெண்டா அங்க கரண்ட் 60 ஹேர்ட்ஸ். எங்கட கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்தக் கரண்டில எரியுற ரியூப் லைட் செக்கனுக்கு நூறு தரம் மங்கி மங்கி எரியும், எங்கட கண்ணுக்குத் தெரியாது, கமெராவுக்குத் தெரியும். எங்கட ஒழுங்கையில ஒரு சாமத்திய வீடு, பந்தலுக்க ரியூப் லைட்டும் மலிவு எல்இடியும் மாறி மாறிக் கட்டியிருந்தினம், நான் எடுத்த வீடியோ முழுக்கக் கறுப்புப் பட்டை பட்டையா மேல இருந்து கீழ ஊருது, ஆரத்தி எடுக்கேக்க பிள்ளையின்ர முகத்துக்குக் குறுக்கால சரியா ஒரு பட்டை. நான் அண்டு இரவு முழுக்கக் கமெரா பழுது எண்டுதான் நினைச்சனான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: பிஏஎல்லுக்கு மாத்துங்கோ, சில கமெரா அப்ப மெமரிக் காட்டை ஃபோமற் பண்ண, அதாவது முழுக்க அழிக்க, சொல்லிக் கேக்கும், படத்தை இறக்கிப்போட்டுச் செய்யுங்கோ. பேந்து 25பி இல்லாட்டி 50பி (செக்கனுக்கு 25, 50 படம்) வைச்சு, சற்றர் ஸ்பீட்டை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ள விடுற நேரத்தை, 1/50 செக்கனில விடுங்கோ. உங்கட மொடலில அந்தச் செற்றிங் இல்லையெண்டாலும் பரவாயில்லை, 30பியில வச்சுக்கொண்டே சற்றரை 1/50 இல்லாட்டி 1/100இல பூட்டினா பட்டை நிண்டுடும். போட்டோவுக்கும் அதே கணக்குத்தான், வீட்டுக்க ரியூப் லைட்டுக்குக் கீழ 1/50, 1/100 ரெண்டும் சமத்து.

சத்தமில்லாத சற்றரைக் கண்டு மயங்காதேங்கோ

இந்தக் கமெராக்களில ரெண்டு சற்றர் இருக்கும், ஒண்டு உண்மையான மெக்கானிக்கல் சற்றர், மற்றது எலெக்ட்ரோனிக். எலெக்ட்ரோனிக் சற்றருக்கு ஒரு சத்தமும் இல்ல, கோயிலுக்கு வெளியில, செத்த வீட்டில எல்லாம் அது நல்லது. ஆனா அது படத்தை ஒரேயடியா எடுக்கிறேல்ல, மேல இருந்து கீழ வரி வரியா வாசிச்சு எடுக்கும். மேல் வரியை வாசிச்சுக் கீழ் வரிக்கு வாறதுக்கிடையில சாமான் அசைஞ்சா வளைஞ்சுபோகும். யாழ்தேவி யன்னலால பரந்தனுக்கு இங்கால நான் எடுத்த படத்தில ஒரு பனை நேர நிக்கேல்ல, அவ்வளவும் புயல் அடிச்ச மாதிரி ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. நான் முதல் என்ர கைதான் சரிவாப் பிடிச்சிருக்கு எண்டு நினைச்சன், ஆனா தந்திக் கம்பத்துக்குப் பின்னால தூரத்து வயல் வரம்பு நேரத்தான் கிடக்கு. ஓடுற பஸ், ஓடுற பிள்ளையள், தேர், எதெண்டாலும் மெக்கானிக்கலுக்கு மாத்துங்கோ.

இதுக்குள்ள இன்னொரு சூட்சுமம் இருக்கு. இந்த ரகத்தில கனக்கத்தில மெக்கானிக்கல் சற்றர் லென்சுக்குள்ளயே இருக்கும், லீஃப் சற்றர் எண்டு சொல்லுவினம். அது லென்ஸ் முழுசாத் திறந்திருக்கேக்க ஒரு அளவுக்கு மேல வேகமா மூடாது. எங்கட மத்தியான வெயிலுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணருற அளவு) 100இல எஃப்16 (லென்ஸ் துளை நல்லாச் சின்னன்) வச்சா 1/100 அளவு சரி, அதே வெளிச்சத்துக்கு எஃப்2 (துளை பெருசு) திறந்தா 1/6400 வேணும், சற்றரோ அதுக்கு முதலே களைச்சுப் போயிடும். படம் வெள்ளையா வெளிறிப் போறது அதாலதான், இல்லாட்டி கமெரா உங்களைக் கேக்காமலே எலெக்ட்ரோனிக்குக்குத் தாவிடும், திரும்பவும் பனை சாயும். மெனுவில என்டி ஃபில்ரர் எண்டு ஒண்டு இருந்தா அதை ஓட்டோவில இல்லாட்டி ஓனில போட்டு விடுங்கோ, கமெராவுக்கு வெயில் கண்ணாடி மாட்டின மாதிரி. இல்லையெண்டா வெயிலுக்க எஃப்5.6 இல்லாட்டி எஃப்8இல நிண்டுகொள்ளுங்கோ.

லீஃப் சற்றரால ஒரு லாபமும் இருக்கு. நல்ல வெயிலிலயும் அதிவேகச் சற்றரோட ஃபிளாஷ் அடிக்கலாம், பெரிய கமெராக்களுக்கு அது லேசில ஏலாது. பன்னிரண்டு மணி வெயிலுக்க நிக்கிற ஆளின்ர கண்குழியில விழுற கறுப்பு நிழல் ஒரு சின்ன ஃபிளாஷோட போயிடும்.

முகம் பிடிக்கிற வியாதி

பெட்டியால எடுக்கேக்க முகம் கண்டு ஃபோகஸ் பண்ணுறது ஓனில இருக்கும். தனி ஆளை எடுக்க அருமை. வீட்டுக்க அரியண்டம், ஏனெண்டா எங்கட வீட்டுச் சுவரில எத்தினை முகம் இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கலண்டரில முருகன், அலுமாரிக்கு மேல லக்சுமி, ரீவிக்கு மேல செத்துப்போன ஆக்கள்.

அம்மம்மாவின்ர எண்பதாவது பிறந்தநாளுக்கு கேக் வெட்டேக்க எடுத்தனான். ஸ்கிரீனில சின்னதாப் பாக்க எல்லாம் வடிவா இருந்தது, இரவு கொம்பியூட்டரில போட்டாத்தான் தெரியுது, அம்மம்மா மங்கல், கேக் மங்கல், பின்சுவரில மாலை போட்ட படத்துக்க இருக்கிற அம்மப்பா மட்டும் மீசை மயிர் எண்ணுற மாதிரித் தெளிவு. அம்மம்மா பாத்திட்டுச் சொன்னவ, "அந்தாள் உயிரோட இருக்கேக்கயும் உப்பிடித்தான், ஆரையும் படம் எடுக்க வெளிக்கிட்டா தான் முன்னுக்கு வந்து நிக்கும்" எண்டு.

இதுக்கு மருந்து: ஃபோகஸ் ஏரியாவை ஒரு புள்ளிக்கு மாத்துங்கோ, முகம் பிடிக்கிறதை ஒரு பட்டனில போட்டு வச்சு வேணுமெண்டா மட்டும் ஓன் பண்ணுங்கோ. அதோட அரை அமத்தல் பழகுங்கோ. போனில பழகின விரல் ஒரேயடியாக் குத்தும், கமெராவில அப்பிடி இல்ல. பட்டனில விரலை வச்சு மெல்ல அமத்த நடுவில ஒரு இடத்தில தட்டுப்படும், அங்க நிப்பாட்டுங்கோ, பச்சைப் பெட்டி வரும், அது அம்மம்மாவின்ர கண்ணில விழுந்திருக்கோ எண்டு பாத்திட்டு மிச்சத்தை அமத்துங்கோ. காலமை முத்தத்தில நிக்கிற பூனையில ஒரு ஐம்பது தரம் செய்து பாருங்கோ, விரலுக்கு வந்திடும். இரவில முன்னால செம்மஞ்சளா ஒரு லைட் அடிக்கும், ஃபோகஸ் பண்ண உதவிக்கு, கோயிலடியில அதை நிப்பாட்டி வையுங்கோ, சாமி கும்பிடுற ஆக்களின்ர முகத்தில அடிச்சுப் பேச்சு வாங்காதேங்கோ. நல்லூரில உள்ளுக்க படம் எடுக்கவே விடமாட்டினம், கமெராவைப் பையுக்க வச்சிட்டுப் போங்கோ. ஆமிக் காம்ப் பக்கமும் அதே கதைதான்.

"என்ன தம்பி, என்னைக் கறுப்பாக்கிப் போட்டாய்"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். போன் கமெரா எங்கட முகத்தைக் கேக்காமலே வெளுப்பாக்கி, மினுக்கி, சுருக்கத்தை அழிச்சுத்தான் தாறது, அதுக்கு எல்லாரும் பழகிட்டினம். புதுக் கமெரா உள்ளதை உள்ளபடி எடுக்க, மாமிமாருக்குக் கோவம் வருது. கமெராவில பிழை இல்ல, ஆனா ஒரு விசயத்தில மாமிமார் சொல்லுறதும் சரி. விறாந்தையில ஆள் நிக்க, பின்னால முத்தத்தில வெயில் கொளுத்த, கமெரா அந்த வெளிச்சத்தைப் பாத்துப் பயந்து முழுப்படத்தையும் இருட்டாக்கும். ஆள் உண்மையாவே இருக்கிறதை விடக் கறுத்துப் போவார்.

பிளஸ் மைனஸ் போட்ட ஒரு சில்லு இல்லாட்டி பட்டன் இருக்கும், அதுதான் இந்தக் கமெராவில நீங்கள் கூடத் திருப்பப்போற சாமான். ஆளுக்குப் பின்னால வெளிச்சம் எண்டா பிளஸ் 1. படம் முழுக்க வெள்ளையா இருந்தாலும் பிளஸ், கனபேருக்கு இது தலைகீழாத் தோணும். கமெரா எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் எண்டு நினைச்சுத்தான் அளக்கும். 1981இல எரிச்ச நூலகத்தைத் திரும்பக் கட்டி வெள்ளை வெளேரெண்டு வச்சிருக்கினம், அதை ஓட்டோவில எடுங்கோ, அழுக்குத் தண்ணியில தோச்ச வேட்டி மாதிரி வரும், பிளஸ் 0.7 குடுத்து எடுங்கோ, வெள்ளை வரும். திருவிழா இரவு, சுத்திவர இருட்டு, நடுவில சோடினை லைட் எண்டா மறுவளம், மைனஸ் 1, இல்லாட்டி லைட்டெல்லாம் வெள்ளைப் பொட்டாத்தான் கிடக்கும். எடுத்து முடியத் திரும்பச் சைபரில விடுங்கோ, அதை மறந்திட்டு அடுத்த நாள் கடற்கரையில முழுக்க வெளிற எடுத்த ஆள் நான்.

விளக்கு வெளிச்சம், குத்துவிளக்குக்கு முன்னால பிள்ளையள், உதுகளுக்கு வைற் பலன்சை, அதாவது நிறத்தைச் சரிக்கட்டுற செற்றிங்கை, ஓட்டோவில விடாதேங்கோ. ஓட்டோ அந்த மஞ்சளைப் பிழை எண்டு நினைச்சு நீலமாக்கப் பாக்கும், சூரியன் படம் போட்ட செற்றிங்கில வச்சா தீபம் தீபம் மாதிரி இருக்கும்.

பற்றரி

பெட்டியில 250 படம், 350 படம் எண்டு போட்டிருக்கும். அது சிபா எண்ட ஜப்பான் அமைப்பின்ர முறையில 23 பாகை வெப்பத்தில அளந்தது. எங்கட சித்திரை வெயிலுக்க, எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் பக்கத்தில நிக்கிறவைக்குக் காட்டிக் காட்டி எடுத்தா அந்தக் கணக்கெல்லாம் சரிவராது. ரெண்டாவது பற்றரி கட்டாயம். வெளிநாட்டில இருந்து ஆரையும் கொண்டுவரச் சொன்னா கைப்பையுக்க வச்சுக் கொண்டுவரச் சொல்லுங்கோ, தனி லிதியம் பற்றரியைச் செக்-இன் பெட்டிக்க போட விடமாட்டினம்.

நிப்பாட்டி வச்ச கமெராவில பற்றரி இறங்குது எண்டா புளூடூத்தைப் பாருங்கோ. போனோட எந்த நேரமும் தொடர்பில இருக்கிற ஒரு செற்றிங் இருக்கும், கமெராவை ஓஃப் பண்ணினாலும் அது ஓஃப் ஆகாது. படம் இறக்கேக்க மட்டும் போட்டாக் காணும். சார்ஜ் ஏத்துறதிலயும் ஒரு குணம்: கனக்கக் கமெரா ஓனில இருக்கேக்க வயர் குத்தினா வேலை செய்யுறதுக்கு மட்டும் கரண்ட் எடுக்கும், பற்றரிக்குள்ள ஏத்தாது. நான் ஒரு இரவு முழுக்க அப்பிடி விட்டிட்டு விடிய நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டு, குறிகட்டுவானில வள்ளம் ஏற முதலே பற்றரி சிவப்பு. குதிரையள் எல்லாத்தையும் போனிலதான் எடுத்தனான். ஓஃப் பண்ணிப்போட்டுக் குத்துங்கோ, சின்ன லைட் எரியுதோ எண்டு பாருங்கோ, எரியேல்லையெண்டா வயரையும் சார்ஜரையும் மாத்திப் பாத்திட்டுப் பிறகு படுங்கோ.

காட்

மலிவுக் காட் வாங்காதேங்கோ, போலி கனக்க ஓடுது, மேல 128 எண்டு எழுதி உள்ளுக்க எட்டும் இல்லாம. புதுக் காட்டைக் கமெராவிலயே ஃபோமற் பண்ணுங்கோ. 4கே வீடியோ எடுக்கிற ஆக்கள் வி30 எண்டு (அது எழுதுற வேகத்தின்ர குறி) போட்டதைப் பாத்து வாங்குங்கோ. 32 ஜிபி வரையான காட்டில ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, நீளமான வீடியோ துண்டு துண்டாக் கிடந்தா பயப்பிடாதேங்கோ.

தூசி, உப்பு, பூஞ்சணம்

இதிலதான் எங்கட ஊர் கமெராவைக் கொல்லும். லென்ஸ் வெளிய வந்து உள்ள போற கமெரா எல்லாம் ஒரு துருத்தி மாதிரி, வரேக்கயும் போகேக்கயும் காத்தை இழுக்கும், காத்தோட தூசியும் போகும். லென்ஸ் கழட்டேலாது எண்டபடியால் உள்ள போன தூசியை நீங்கள் எடுக்கேலாது, ஆள் பிடிச்சுக் கொழும்புக்குத்தான் அனுப்பவேணும். வலிகாமத்துச் செம்பாட்டு மண் பவுடர் மாதிரி, தோட்டப் பக்கம் சோளகக் காத்து அடிக்கேக்க லென்சை நீட்டிக்கொண்டு நடக்காதேங்கோ. காற்சட்டைப் பொக்கற்றில வெறுமனப் போடாதேங்கோ, அங்க இருக்கிற நூல்தூசி காணும். சின்னச் சிப் வச்ச பை ஒண்டுக்க போட்டுப் பையைப் பொக்கற்றில போடுங்கோ.

வாங்கின கிழமையே ஒரு சோதினை செய்யுங்கோ. எஃப்16 வச்சு முகிலில்லாத வானத்தை எடுத்து, கொம்பியூட்டரில பெருசாக்கி மூலை மூலையாப் பாருங்கோ, மங்கலான சாம்பல் பொட்டு இருந்தா அது தூசி. வாங்கேக்கயே இருந்தா பில்லோட உடன சொல்லுங்கோ. வெளிநாட்டில வாங்கினதுக்கு இஞ்ச வாரன்ரி செல்லுபடியாகுமோ எண்டதையும் அப்பவே கேளுங்கோ.

கசூரினா பீச், கீரிமலை, தீவுப் பக்கம் போய் வந்தா காய்ஞ்ச துணியால துடைக்கவேண்டாம், உப்புக் கல் உரசும். நல்ல தண்ணியில துணியை நனைச்சு இறுக்கிப் பிழிஞ்சு உடம்பைத் துடைச்சுப்போட்டுக் காய்ஞ்சதால துடையுங்கோ. லென்சுக்கு முதல் ஊதுற பந்தால ஊதுங்கோ, வாயால ஊதினா எச்சில்தான் போகும்.

கொழும்பு ஏசி பஸ்ஸில குளிரக் குளிர வந்து விடியப்புறம் இறங்கின உடன கமெராவை எடுக்காதேங்கோ, வெளிக்காத்தின்ர ஈரம் முழுக்கக் குளிர்ந்த கண்ணாடியில படியும், வெளியில படிஞ்சதைத் துடைக்கலாம், உள்ளுக்க படிஞ்சதை என்ன செய்யுறது. பையைத் திறக்காம அரை மணித்தியாலம் விடுங்கோ.

மாரி தொடங்கினா அலுமாரிக்க வைக்காதேங்கோ, அதோட வந்த தோல் உறைக்குள்ளயும் வைக்காதேங்கோ, தோல் ஈரத்தை வச்சிருக்கும், லென்சுக்க வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும், பிடிச்சாப் பிறகு வழிக்கு வராது. ரப்பர் வார் வச்ச மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒண்டு வாங்கி, சப்பாத்துப் பெட்டியளுக்க வாற சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளைச் சேத்து அடியில போட்டு அதுக்க வையுங்கோ. அரிசி போடச் சொல்லுவினம், அரிசி மாவு லென்ஸ் வழியாப் போறதுக்குத்தான் நல்லது. எல்லாத்தையும் விட நல்ல மருந்து கிழமைக்கு ரெண்டு தரம் வெளிய எடுத்துப் பாவிக்கிறது.

கடைசியா ஃபேம்வெயர்

புதுசா வந்த மொடலுக்கு முதல் ஒரு வருசம் அடிக்கடி ஃபேம்வெயர், அதாவது கமெராவுக்குள்ள ஓடுற மென்பொருளின்ர புதுப் பதிப்பு, வரும், ஃபோகஸ் தடுமாறுறது, நடுவில உறைஞ்சு நிக்கிறது எல்லாம் கனதரம் அதோட சரியாப் போகும். எண்டாலும் கலியாணத்துக்கு முதல் நாள் செய்யாதேங்கோ, சிலதில உங்கட செற்றிங் முழுக்க அழிஞ்சு, திரும்பவும் என்ரிஎஸ்சியும் ரொறன்ரோ நேரமுமா எழும்பி வரும். முதல் மெனுவை ஒவ்வொரு பக்கமாப் போனில படம் எடுத்து வையுங்கோ. பற்றரி முழுசா இருக்கவேணும், ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளயும் போடாம காட்டில நேர போடுங்கோ, பண்ணேக்க ஸ்கிரீன் கறுத்துப்போய் ஒரு சத்தமும் இல்லாமக் கொஞ்ச நேரம் கிடக்கும், செத்துப்போச்சு எண்டு நினைச்சு பற்றரியைக் கழட்டிப் போடாதேங்கோ. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.